சல்ஃபர் கேஸ் மானிட்டர் டாப் ஃபிரிட்ஜ்: சுவிட்ச் போடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

பழைய_இரும்பு (கேள்வி)

தலையில் கம்ப்ரசர் உட்கார்ந்திருக்கும் ஜெனரல் எலக்ட்ரிக் மானிட்டர் டாப், ஒற்றைக் கதவு. நேம்பிளேட்டில் சி.ஏ வரிசை, 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், குளிரூட்டும் கேஸ் சல்ஃபர் டை ஆக்சைடு (சுருக்கமாகச் சல்ஃபர்) என்பதெல்லாம் தெளிவாகப் படிக்க முடிகிறது. கடைசியாக எப்போது ஓடியது என்பதற்குத் தகவல் இல்லை.

துணி சுற்றிய ஒயர் தொட்டாலே உதிர்கிறது. கதவு ரப்பர் கல்லாகிவிட்டது. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, கேஸ் வாடையும் இல்லை. வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்போது நிமிர்த்தி நிற்கிறது. இங்கே சப்ளை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

நேராக டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டிப் பார்க்கலாமா? ஓடவில்லை என்றால் கேஸை எடுத்துவிட்டு இப்போதைய கேஸ்களான ஆர்-134ஏ அல்லது ஆர்-600ஏ (ஐசோபியூட்டேன்) போட முடியுமா? கதவு ரப்பருக்கு என்ன மாற்று? ஒவ்வொன்றாகச் சொன்னாலும் போதும்.

---

ஓம்_விதி

படுக்கவைத்து வந்திருந்தால் முதல் வேலை காத்திருப்பது. எண்ணெயும் திரவ கேஸும் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். அந்த நிலையில் ஓடவிட்டால் வால்வு உடையும். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் இரண்டு மூன்று நாள் நேராக நிற்கட்டும். கம்ப்ரசர் ஸ்பிரிங்கில் தொங்கும் மாடலாக இருந்தால், அனுப்பும்போது இறுக்கிய போல்ட் இன்னும் இறுகியே இருக்கிறதா என்று பாருங்கள். தளர்த்தாமல் ஓட்டினால் பெட்டியே அதிரும்.

இனி ஒயரிங். பழைய ஒயரை டேப் சுற்றிக் காப்பாற்ற நினைக்க வேண்டாம், முழுவதும் கழற்றி எறிய வேண்டியதுதான். 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிள், மூன்றாவது கோர் இரும்புச் சட்டத்துக்கு எர்த். அந்தக் காலத்தில் எர்த் என்பதே கொடுக்கவில்லை. கம்ப்ரசர் டெர்மினலுக்கு அருகே சூடு இருக்கும் என்பதால் அங்கே ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ். பழைய ஒயர் உறையில் சாம்பல் நிற நார் தெரிந்தால் அஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டுக் கழற்றுங்கள்.

டெர்மினல் நட்டைக் கழற்றும் இடத்தில்தான் நிறைய யூனிட்டுகள் செத்துப்போகின்றன. துருப்பிடித்த நட்டை ஒரே ஸ்பானரால் திருகினால் உள்ளே போகும் ஸ்டட்டும் சேர்ந்து சுழலும், அதைச் சுற்றியுள்ள சீல் விரியும், கேஸ் போயே போச்சு. துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். கீழ் நட்டை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் நட்டை மட்டும் திருப்புங்கள். அப்படியும் வரவில்லையா, நட்டை வெட்டிப் பிளந்து எடுங்கள், ஸ்டட்டைத் தொடாதீர்கள்.

ஒயர் எல்லாம் விலகியபின் மல்டிமீட்டரில் மூன்று டெர்மினல்களையும் இரண்டிரண்டாக அளங்கள். எந்த இரண்டுக்கு இடையில் அதிக ஓம் காட்டுகிறதோ, அவை ரன்னும் ஸ்டார்ட்டும், மிஞ்சுவது காமன். காமனிலிருந்து குறைந்த ஓம் காட்டுவது ரன் வைண்டிங். பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். அப்புறம் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைண்டிங்குக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். 2 மெகாஓமுக்கு மேல் இருந்தால் தைரியமாக அடுத்த படிக்குப் போகலாம். 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் நிறுத்துங்கள். முதலில் டெர்மினல் பலகையைத் துடைத்துக் காயவைத்து மறுபடி அளங்கள், பாதி கேஸ்களில் குற்றவாளி வெளியே இருக்கும் ஈரமும் அழுக்கும்தான்.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் ஒரு கணக்கு. 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் அதே 115 வோல்ட் கொடுத்தால் இரும்புக் கோர் நிறைந்து மோட்டார் சூடாகும். வோல்ட்டும் ஹெர்ட்ஸும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும்: 115 × 50 ÷ 60 = 96 வோல்ட். ஆகவே 230/110 வேண்டாம், 230/100 வாங்குங்கள். வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், குளிரும் அதே அளவு குறையும். வேறு கெடுதல் இல்லை. அளவு 1500 விஏ. ஓடும்போது 200 வாட்கூட இழுக்காத மோட்டாருக்கு எதற்கு இவ்வளவு என்றால், கிளம்பும் நொடியில் ஓடும் ஆம்பியரைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் அந்த நேரம் வோல்ட் சரிந்து, மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். எல்லோரும் கம்ப்ரசர் ஜாம் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பலர் கோட்டை விடும் இடம் இன்னொன்று. வீட்டு மெயினில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு பிரேக்கர், தனி வைண்டிங் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் நடக்கும் கசிவைப் பார்க்காது. டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டில் ஒரு முனையை எர்த்துடன் இணைத்து, அந்த வோல்ட்டுக்கு ஏற்ற கசிவு பிரேக்கரை அங்கேயும் போடுங்கள்.

முதல் ஓட்டத்துக்குப் பழைய ரிலேயை (கிளம்பும்போது ஸ்டார்ட் வைண்டிங்கை இணைத்து, பின் விடுவிக்கும் சுவிட்ச்) நம்ப வேண்டாம். ரன்னுக்கு ஓவர்லோட் வழியாக நேர் சப்ளை, ஸ்டார்ட்டுக்கு ஒரு அழுத்து பட்டன். பட்டனை அழுத்தியபடி சப்ளை கொடுத்து, சத்தம் மாறி ஆம்பியர் விழுந்ததும் விடுங்கள். ஒரு நொடி, அதிகபட்சம் இரண்டு. மூன்று நொடிக்குள் கிளம்பாவிட்டால் சப்ளையை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட் வைண்டிங் கருகும். நீண்ட நாள் நின்றதால் எண்ணெய் பசையாகி இறுகியிருக்கலாம். கம்ப்ரசரின் மூடியான டோமை 40 டிகிரி வரை விளக்குச் சூட்டில் ஒரு ராத்திரி வைத்து மறுநாள் முயலுங்கள்.

---

சீல்டு_யூனிட்

மின்சாரப் பக்கம் மேலே சொன்னது அத்தனையும் சரி. கேஸ் பக்கம் நான் சொல்கிறேன்.

சல்ஃபர் டை ஆக்சைடு ஒருவகையில் நாணயமான விஷம்: ஆபத்தான அளவை எட்டுவதற்கு வெகுமுன்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வைக்கும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே நெடி தெரியும். 100 பங்கு என்பது உடனடி உயிராபத்து அளவு. காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம், ஆகவே தாழ்ந்த இடத்தில் தேங்கும். நிலவறை, ஜன்னல் இல்லாத அறை, ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீடு, இங்கெல்லாம் இந்த வேலை கூடாது. ஓட்டிப் பார்ப்பதைத் திறந்தவெளியிலோ பெரிய கதவு உள்ள ஷெட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவு தேடுவது சுலபம். ஒரு குச்சி நுனியில் துணி சுற்றி அமோனியா கரைசலில் நனைத்து இணைப்புகளுக்கு அருகே, தொடாமல், மெதுவாக நகர்த்துங்கள். கசிவு இருக்கும் இடத்தில் வெண்புகை எழும். பித்தளையில் கரைசல் படக்கூடாது, அரிக்கும்.

நேம்பிளேட்டை நம்பலாம், ஆனால் பொதுவாக வாசிப்பவர்களுக்காக: மானிட்டர் டாப் 1927-ல் வந்தது. டி.ஆர், சி.ஏ வரிசைகளில் சல்ஃபர். பின்னால் வந்த சி.கே-யில் மெத்தில் ஃபார்மேட், கொதிநிலை 32 டிகிரி, தீப்பற்றும். அது ஓடும்போது ஃப்ரீசர் பக்கம் முழுக்க வாக்குவத்தில் இருக்கும் என்பதால் ஓட்டை இருந்தால் கேஸ் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வேறு கம்பெனிகளின் சில பெட்டிகளில் மெத்தில் குளோரைடு இருந்தது. அதற்கு நெடி மிக லேசு, விஷமும் தீயும் உண்டு, அலுமினியத்துடன் சேர்ந்தால் வெடிக்கும் சேர்மம் உண்டாகும். பித்தளை, செம்பு தவிர வேறு எதையும் அந்த சிஸ்டத்தில் சேர்க்காதீர்கள். கேஸ் அடுப்பு மாதிரி சுடரில் ஓடும் சர்வல் பெட்டி கையில் கிடைத்தால் அதை ஓட்டவே வேண்டாம். 1933 முதல் 1957 வரை தயாரானவை கார்பன் மோனாக்சைடு கக்குவதாக அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1998-ல் எச்சரித்திருக்கிறது.

உங்கள் பெட்டிக்கு என் ஒரே வேண்டுகோள்: சீல் செய்த யூனிட்டைத் திறக்காதீர்கள். இவ்வளவு காலம் கேஸ் உள்ளேயே இருக்கிறது என்றால் அது அப்படியே இருக்கட்டும். கெட்டிருப்பது பெரும்பாலும் ஒயர், ரிலே, தெர்மோஸ்டாட், ரப்பர். எல்லாம் வெளியே.

---

பழைய_இரும்பு

நன்றி இருவருக்கும். அளவுகள்: ரன் 5.1 ஓம், ஸ்டார்ட் 17.4, இரண்டும் சேர்ந்து 22.4. பாடிக்கு 4 மெகாஓம். 100 வோல்ட்டில் பட்டன் அழுத்தியதும் உடனே கிளம்பியது, சத்தம் மென்மையாக இருக்கிறது. ஆனால் 40 நிமிடம் ஆகியும் ஃப்ரீசர் பெட்டியில் பனியே இல்லை. கண்டன்சர் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஆம்பியர் நேம்பிளேட்டில் உள்ளதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கேஸ் போய்விட்டதா?

---

கேஸ்_சார்ஜ்

காலிதான் சார். ஆம்பியர் கம்மி, கண்டன்சர் சூடு இல்ல, பனி இல்ல, வேற என்ன? பைப்பை வெட்டி சர்வீஸ் வால்வு வச்சு, நைட்ரஜன் டெஸ்ட், வாக்குவம், 600ஏ போட்டு முடிச்சிடுங்க. சல்ஃபர் -10-ல கொதிக்கும், ஐசோபியூட்டேன் -11.7. கிட்டத்தட்ட அதே கேஸ்தான்.

---

சீல்டு_யூனிட்

வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்.

முதலில் ஆம்பியரை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. சுமையே இல்லாத இண்டக்‌ஷன் மோட்டாரும் கணிசமான ஆம்பியர் காட்டும். வாட் மீட்டர்தான் உண்மை சொல்லும். இருந்தாலும் இங்கே சுமை குறைவு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் சுமை குறைய இரண்டு காரணம் உண்டு.

இந்த யூனிட்டில் கேப்பிலரி (கேஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் நுண்குழாய்) கிடையாது. கண்டன்சரில் திரவமான கேஸ் ஒரு சின்ன உருளைக்குள் சேரும், உள்ளே மிதவை. திரவம் ஏறினால் மிதவை எழும்பி ஊசி வால்வைத் திறக்கும், திரவம் ஃப்ரீசருக்குப் போகும். நீண்ட நாள் நின்றால் எண்ணெயும் சல்ஃபரும் சேர்ந்து உண்டான கசடு அந்த ஊசியை ஒட்டிவைத்துவிடும். மூடிய நிலையில் ஒட்டினால் திரவம் முழுக்க மேலேயே தேங்கும், ஃப்ரீசர் வாக்குவத்துக்குப் போகும், கம்ப்ரசருக்குத் தள்ள கேஸ் இருக்காது. நீங்கள் சொன்ன எல்லா அறிகுறியும் இதற்கும் பொருந்தும். திறந்த நிலையில் ஒட்டினால் படம் வேறு: தொடர்ந்து உஸ்ஸென்று சத்தம், ஃப்ரீசர் வெதுவெதுப்பாகவே இருக்கும், வாட் இறங்காது. காற்று புகுந்திருந்தால் கண்டன்சர் கொதிக்கும், வாட் ஏறும்.

காலியா, ஒட்டலா என்று பிரித்துப் பார்க்க: மிதவை உருளையைக் கண்டுபிடியுங்கள். கண்டன்சர் குழாய் போய் முடியும் இடம், அங்கிருந்து மெல்லிய குழாய் ஃப்ரீசருக்கு இறங்கும். யூனிட்டை நிறுத்திவிட்டு உருளைமேல் வெந்நீரில் பிழிந்த துணியைச் சுற்றுங்கள். உள்ளே திரவம் நிறைந்திருந்தால் சூடு ஏற நேரம் பிடிக்கும், துணி சீக்கிரம் ஆறிவிடும். காலி உருளை சட்டென்று சூடேறும்.

திரவம் இருக்கிறதென்றால், ஹேர் டிரையரால் உருளையை 50 டிகிரி வரை கொண்டுவாருங்கள். அந்தச் சூட்டில் உள்ளே 8 பாருக்குச் சற்று மேல் அழுத்தம், யூனிட் தாங்கும். சுடர் மட்டும் கூடவே கூடாது. பின் யூனிட்டை ஓடவிட்டு, ரப்பர் சுத்தியலால் உருளையின் பக்கவாட்டில் சின்னச் சின்னத் தட்டல். குழாயைத் தட்டாதீர்கள். ஊசி விடுபட்டால் களகளவென்று திரவம் இறங்கும் சத்தம் கேட்கும், ஒரு நிமிடத்துக்குள் வாட் ஏறும். சில யூனிட்டில் ஒரே தடவையில் விடும். சிலவற்றில் ஓட்டம், ஓய்வு, சூடு, தட்டல் என்று நாட்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து அந்த 600ஏ. கொதிநிலை கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கேஸும் ஒன்றாகிவிடாது. திரவ சல்ஃபர் டை ஆக்சைடு தண்ணீரைவிடக் கனம், லிட்டர் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. திரவ ஐசோபியூட்டேன் லிட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். சல்ஃபரில் மிதக்கும்படி எடைபோட்டுச் செய்த மிதவை இதில் மூழ்கிக் கிடக்கும், ஊசி திறக்காது. இது முதல் சிக்கல். இரண்டாவது எண்ணெய். சல்ஃபர் மினரல் எண்ணெயுடன் அவ்வளவாகக் கலக்காது. ஃப்ரீசரில் எண்ணெய் திரவத்துக்கு மேலே மிதக்கும், மேல்மட்டத்திலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்ப உறிஞ்சப்படும், வடிவமைப்பே அப்படி. ஐசோபியூட்டேன் அதே எண்ணெயில் தாராளமாகக் கரையும், எண்ணெய் நீர்த்துப்போய் நுரைக்கும், பேரிங்குக்கு உயவு குறையும். மூன்றாவது, கம்ப்ரசர் தள்ளும் அதே கன அளவுக்கு 600ஏ சுமார் முக்கால் பங்கு குளிர்தான் தரும். ஆர்-134ஏ போட்டாலோ நேர்மாறு: ஒன்றரை மடங்கு சுமை, இந்த மோட்டார் தாங்காது.

பைப்பை வெட்டுவது என்று எழுதுவது எளிது. உள்ளே இருப்பதை எங்கே விடுவது? சாதாரண ரெகவரி மெஷினில் இழுத்தால் மெஷின் பாழ். காஸ்டிக் சோடா கரைசலில் கரைத்தால் 100 கிராம் கேஸுக்கு 125 கிராம் காஸ்டிக் வேண்டும். பின்னோக்கி உறிஞ்சாமல் இடையில் காலிப் பாட்டில், முகக் கவசம் எல்லாம் வேண்டும். இதற்குப் பழகிய ஆள் செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் ஒரு துளி உள்ளே போனாலும் சல்ஃபருடன் சேர்ந்து அமிலமாகி ஊசியையும் வைண்டிங்கையும் தின்றுவிடும்.

---

கேஸ்_சார்ஜ்

மிதவை கனம் பாயின்ட் சரி, ஒத்துக்கறேன். ஆனா எல்லாப் பழைய பெட்டிக்கும் இதே பேச்சு பொருந்தாது. 1950-கள் பக்கம் வந்த ஆர்-12, கேப்பிலரி வகைன்னா கேஸ் மாத்தறது நடைமுறையில் நல்லாவே வருது. அதுல புரொப்பேன், ஐசோபியூட்டேன் பாதிக்குப் பாதி கலவை ஆர்-12 அழுத்தத்தோட ஒத்துப்போகும், பழைய மினரல் எண்ணெயை மாத்த வேண்டாம். எடை நேம்பிளேட்டில் உள்ளதில் 40 சதவீதம்: 120 கிராம் ஆர்-12 என்றால் 48 கிராம். அவுன்ஸில் எழுதியிருந்தா 28.35-ஆல் பெருக்கிக்குங்க. 134ஏ அந்த எண்ணெயோட சேராது, எஸ்டர் எண்ணெய் மாத்தணும். அந்தத் தொல்லைக்குப் போக வேண்டாம்.

செய்முறை: கசிவை முதல்ல கண்டுபிடிங்க. உள்ளே நைட்ரஜன் மெதுவா ஓடவிட்டுத்தான் பிரேசிங், இல்லேன்னா உள்பக்கம் கரி உதிர்ந்து கேப்பிலரி அடைக்கும். செம்புக்குச் செம்பு பாஸ்பரஸ் ராடு சரி. இரும்புக் குழாய்க்கு அது போட்டா இணைப்பு சில்லு மாதிரி உடையும், அங்க 45 சதவீத வெள்ளி ராடும் ஃப்ளக்ஸும். புது டிரையர் (கேஸ்ல இருக்கற ஈரத்தை உறிஞ்சற வடிகட்டி) கட்டாயம். 10 பார் நைட்ரஜன்ல ஒரு ராத்திரி நிக்கட்டும். வாக்குவம் 500 மைக்ரான் வரை, பம்பை மூடி பத்து நிமிஷம் பார்த்தா 1000-ஐத் தாண்டக் கூடாது. கேஸை கிராம் தராசில் வச்சு திரவமா ஏத்துங்க, கடைசி 5 கிராம் ஃப்ரீசர் பனியைப் பார்த்துக்கிட்டு.

ஒண்ணு மறக்கக் கூடாது, இது எரியும் கேஸ். பழைய பெட்டியில தெர்மோஸ்டாட்டும் லைட் சுவிட்சும் உள்ளேயே பொறி விடும். ரெண்டையும் வெளியே மாத்துங்க, இல்லேன்னா மூடிய வகை போடுங்க.

---

சீல்டு_யூனிட்

ஆர்-12 பெட்டிக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 1930-களின் ஃப்ரிஜிடேர் மீட்டர்-மைசர் ரோட்டரியை ஆர்-12 என்று நினைத்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். அதில் ஆர்-114, கொதிநிலை சுமார் 4 டிகிரி. ஆர்-12 அழுத்தமுள்ள எதைப் போட்டாலும் மோட்டார் போய்விடும்.

---

பெட்டி_வேலை

யூனிட் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பெட்டி சரியில்லை என்றால் நல்ல யூனிட்டும் நிற்காமல் ஓடி வீணாகும்.

கதவு ரப்பர்: பழையது ஆணியோ ஸ்க்ரூவோ அடித்துப் பிடித்த குழல் வடிவம். இப்போதைய காந்த ரப்பர் இதற்குச் சேராது, கதவைக் கொண்டிதான் இழுத்துப் பிடிக்கிறது. உள்ளே குழி உள்ள டி வடிவ இ.பி.டி.எம் அல்லது சிலிக்கான் ரப்பர் வாங்குங்கள். உயரத்தைத் தேர்வுசெய்ய, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு பக்கமும் களிமண் உருண்டை வைத்துக் கொண்டி போட்டு மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளங்கள். அதோடு 3 மில்லிமீட்டர் கூட்டினால் ரப்பரின் உயரம். மூலைகளில் 45 டிகிரி வெட்டு. ஒட்டு விழும் இடம் கீல் பக்கக் கீழ்மூலையில் வரட்டும். ரொம்ப உயரமான ரப்பர் போட்டுக் கொண்டியைப் பலவந்தமாக அடித்தால் கொண்டி நாக்கு உடையும், அதற்கு மாற்று கிடைக்காது. சோதனைக்கு மெல்லிய காகிதத்தைக் கதவில் கவ்வவிட்டு இழுங்கள், சுற்றிலும் ஒரே இறுக்கம் வேண்டும். ஒரு பக்கம் தளர்வு என்றால் கீலுக்கு அடியில் மெல்லிய தகடு வையுங்கள்.

அந்தக் கொண்டி பற்றி: உள்ளிருந்து திறக்க முடியாதது. குழந்தைகள் உள்ளே மாட்டி இறந்ததால்தான் அமெரிக்காவில் 1956-ல் சட்டமே போட்டார்கள். வேலை நடக்கும் காலம் முழுக்கக் கதவைக் கழற்றி வையுங்கள், அல்லது கொண்டி நாக்கைக் கழற்றிவிடுங்கள்.

உள்தொட்டிக்கும் வெளிச் சட்டத்துக்கும் நடுவில் ஓடும் கறுப்புப் பட்டை, அதைக் குளிராக இருக்கும்போது நெம்பினால் பொடிப்பொடியாகும். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, அகலமான பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து மூலைக்கு மெதுவாகத் தள்ளுங்கள். அதற்குள் கை விட்டால் இன்சுலேஷன் தெரியும். ஈரமாக, கனமாக, பூஞ்சை வாடையோடு இருந்தால் முழுவதும் எடுத்துவிட்டு, வெளிச்சட்டத்தின் உட்புறத் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, கல்பஞ்சுப் பலகை வெட்டி அடையுங்கள். அமுக்கித் திணித்தால் உள்ளிருக்கும் காற்று போய் அதன் பயனும் போய்விடும்.

ஸ்ப்ரே ஃபோம் அடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். விரியும்போது உள்தொட்டியைப் புடைக்க வைக்கும், எனாமல் தெறிக்கும், நாளை எதையும் கழற்ற முடியாது. ஈரம் எப்போதும் வெளியிலிருந்து, சூடான பக்கத்திலிருந்துதான் உள்ளே வரும். ஆகவே தார் பூச்சோ சீலன்ட்டோ வெளிச்சட்டத்தின் இணைப்புகளில்தான் போட வேண்டும். உள்பக்கத்தையும் சேர்த்து அடைத்தால் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பஞ்சிலேயே தங்கும்.

கம்பித் தட்டுகளில் மங்கிய சாம்பல் அல்லது மஞ்சள் சாயல் பூச்சு இருந்தால் காட்மியமாக இருக்கலாம். தேய்க்காதீர்கள், உணவை நேராக அதன்மேல் வைக்காதீர்கள். கிரில் தட்டாகப் பயன்படுத்துவது இன்னும் மோசம், சூட்டிலும் புளிப்பிலும் காட்மியம் இறங்கும். உள் எனாமலுக்குச் சமையல் சோடாக் கரைசல் போதும். ஆசிட் பட்டால் பளபளப்பு போய்விடும், திரும்ப வராது.

---

பழைய_இரும்பு

துணி சீக்கிரம் ஆறியது, அதாவது உருளையில் திரவம் இருந்தது. சூடாக்கித் தட்டியதில் களகள சத்தம் வந்து, ஃப்ரீசர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பனி பிடித்துவிட்டது. வாட் மீட்டரும் ஏறியது. இப்போது பிரச்சினை வேறு: பழைய கன்ட்ரோல் பெட்டியை இணைத்து ஓடவிட்டால் நிற்பதே இல்லை. டயலைக் குறைத்தாலும் மாற்றம் இல்லை.

---

சீல்டு_யூனிட்

சீராகப் பனி பிடித்தது மிக நல்ல செய்தி. இந்த வகை ஃப்ரீசர் திரவம் நிரம்பி ஓடுவது; கேஸ் குறைந்திருந்தால் கீழ்ப்பாதி மட்டும் வெளுக்கும். பைப்பில் கை வைக்காதது நல்லதாகப் போயிற்று.

---

ஓம்_விதி

தெர்மோஸ்டாட்டின் உள்ளே இருக்கும் பெல்லோஸ் (கேஸ் அடைத்த சின்னத் துருத்தி) கேஸ் இழந்திருந்தால் கான்டாக்ட் சேரவே சேராது, யூனிட் ஓடவே ஓடாது. நிற்காமல் ஓடுகிறது என்றால் பெல்லோஸ் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஒன்று, உணர்குழாய் ஃப்ரீசருடன் இறுக்கமாக ஒட்டவில்லை. கிளிப் தளர்ந்து நடுவில் துரு இருந்தால் குளிர் போய்ச் சேராது. இரண்டு, கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது. சப்ளையை எடுத்துவிட்டு, உணர்குழாயை மூன்று பங்கு ஐஸ்தூள், ஒரு பங்கு உப்புக் கலவையில் விடுங்கள். சுமார் -18 வரை இறங்கும். மல்டிமீட்டரில் கான்டாக்ட் திறந்தால் குற்றம் கிளிப்பில்: இரண்டு பரப்பையும் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். திறக்கவில்லையென்றால் கான்டாக்டைப் பிரித்து, கெட்டிக் காகிதத்தில் கரைப்பான் நனைத்து நடுவில் இழுத்துத் துடையுங்கள். எமரித் தாள் வேண்டாம், துகள் பதிந்து மறுபடி ஒட்டும்.

ஒட்டியதற்கு ரிலேயும் காரணமாக இருக்கலாம், அதையும் பாருங்கள். கிளம்பிய பிறகும் ஸ்டார்ட் வைண்டிங்கில் கிளாம்ப் மீட்டர் எதையாவது காட்டினால் உடனே நிறுத்துங்கள், ரிலே விடவில்லை.

பழைய கன்ட்ரோல் தேறாது என்றால் பெட்டியை அப்படியே முகப்பில் வைத்துவிட்டு, பின்னால் மறைவாக ஒரு எலக்ட்ரானிக் தெர்மோஸ்டாட். சென்சார் ஃப்ரீசர் சுவரில் இறுக்கமாக. நிற்பது -12, கிளம்புவது -4 என்று தொடங்குங்கள். மறுபடி கிளம்ப ஐந்து நிமிட இடைவெளி வையுங்கள். மிதவை வகையில் நின்றபின் ஊசி மூடிக்கொள்வதால் இரண்டு பக்க அழுத்தமும் சமனாகாது; கம்ப்ரசருக்குள் இருக்கும் அன்லோடர்தான் சுமையைத் தளர்த்திக் கிளம்ப விடுகிறது, அதற்கும் அவகாசம் வேண்டும். நடுத்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை முக்கி ஒரு நாள் கழித்துப் படியுங்கள். 3 முதல் 5 டிகிரிக்குள் நிற்கும்வரை நிற்கும் அளவை ஒவ்வொரு டிகிரியாக நகர்த்துங்கள், கிளம்பும் அளவைத் தொடாதீர்கள். பனி 6 மில்லிமீட்டர் ஏறியதும் நிறுத்திக் கரையவிடுங்கள். கத்தி, கம்பி எதுவும் ஃப்ரீசருக்கு அருகில் போகவே கூடாது.